தூசி மாத்திரை

எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யார் இருமினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் அது மரியாதைக் குறைவு. சுரங்கத்தில் வேலை பார்த்தவன் இருமத்தான் செய்வான். கல்லைத் துளைத்த தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? என் அப்பாவும் அப்படித்தான் இருமி இருமிப் போனார். கோலார் தங்க வயலில் தூசியால் செத்தவனுக்குத் தனி மரியாதை உண்டு. குடித்துச் செத்தவனுக்கும் ரயிலில் அடிபட்டுச் செத்தவனுக்கும் கிடைக்காத மரியாதை. அந்த மரியாதையின் மேல் எனக்கு இப்போது வருகிற ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. அதனால்தான் பியாட்ரிஸ் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பியாட்ரிஸ் அக்கா என் பக்கத்து வீடு. லைன் வீடுகளில் பக்கத்து வீடு என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். அவள் பிறந்தது சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதியில். அப்பாவும் சுரங்கம், தாத்தாவும் சுரங்கம், கட்டிக்கொண்ட ஹரோல்ட் அண்ணனும் சுரங்கம். சர்ச் பாடகர் குழுவில் அவள் குரல்தான் மற்ற குரல்களையெல்லாம் அமுக்கிவிடும் என்று ஹரோல்ட் அண்ணனே கேலி செய்வார். கிறிஸ்துமஸுக்கு அவள் செய்கிற குல்குல் பலகாரம் ஊர் அறிந்தது. ருசிக்காக இல்லை. கல்லைக் கடித்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கே அது பல்லைப் பதம் பார்க்கும். ஆனாலும் லைனில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும், தட்டு காலியாகத் திரும்பி வரும். வாங்க மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

செருப்போடு உள்ளே வந்தால் திட்டுவாள். "சத்தியமா" என்று பேச்சுக்குச் சொன்னாலும் திட்டுவாள். வேதத்தில் சத்தியம் பண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறதாம். "ஆமான்னா ஆமாம், இல்லன்னா இல்லனு சொல்லு லதா, இன்னாத்துக்கு சத்தியம்?" என்று என்னைப் போன்ற அம்மன் கோயில்காரியையும் விட்டுவைத்ததில்லை.

சுரங்கம் மூடினபோது ஹரோல்ட் அண்ணனுக்கு வாலிபம் தீரவில்லை. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் தூசி இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தப் படத்தை அக்கா பத்திரமாகப் பீரோவில் வைத்தாள். அண்ணன் மற்றவர்களைப் போலவே பெங்களூருக்குப் போனார். அங்கே ஓர் அடுக்குமாடியில் நைட் வாட்ச்மேன் வேலை. சாயங்கால ரயிலில் போய்க் காலை ரயிலில் வருவார். கூடவே போய் வருகிறவர் காத்தவராயன் அண்ணன். சுரங்கத்தில் இருவரும் ஒரே ஷிப்ட், ஒரே துளைமெஷினைப் பிடித்தவர்கள். இவருக்கும் இருமல் உண்டு, அவருக்கும் உண்டு.

சில வருஷம் கழித்து ஹரோல்ட் அண்ணனுக்கு இடுப்பில் அக்கி வந்து ஆறவே இல்லை. ரத்தம் பார்த்தார்கள். எச்.ஐ.வி. அக்காவுக்கும் பார்த்தார்கள், அவளுக்கும் இருந்தது. எப்படி வந்தது, யாருக்கு முதலில் வந்தது என்று கேட்கத் தோன்றுகிறவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கே அப்போது தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷம் இருந்தும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் நோய் இருந்தால் மட்டும் மருந்து கிடைக்காது. நோயை எதிர்த்து நிற்கிற அணுக்கள் ரத்தத்தில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். சி.டி. ஃபோர் என்று அதற்குப் பேர். எண்ணிக்கை நன்றாக இறங்கினால்தான் மாத்திரை. எண்ணுகிற மெஷின் நம் ஊரில் ஏது? எடுத்த ரத்தம் பழசாகிப் போகும் முன் மெஷினுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கென்று ஒரு கிழமை, ஒரு நேரம். கரண்டு போனால் அடுத்த வாரம், மருந்துத் தண்ணீர் தீர்ந்தால் அடுத்த மாதம். அக்காவும் அண்ணனும் ஒரே பஸ்ஸில் ஏறித் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து போவார்களாம். ஊர்க்காரன் எவனாவது பார்த்துப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டுவிடக் கூடாதே என்று. ஒருவழியாக இருவருக்கும் எண்ணிக்கை இறங்கியது. இறங்கியதற்குச் சந்தோஷப்பட்டார்கள், மருந்து கிடைக்குமே என்று. இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஹரோல்ட் அண்ணனுக்குக் கன்னம் வைத்தது. பெங்களூர்த் தண்ணி ஒத்துக்கொண்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

பிறகு ராபர்ட்சன்பேட்டையில் என் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு டிரஸ்ட்காரர்கள் சின்ன கிளினிக் திறந்தார்கள். அக்காவுக்கு அங்கே வேலை கிடைத்தது. ஊர்க்காரர்கள் அவள் ஏதோ ஆயா வேலை பார்க்கிறாள் என்று நினைத்தார்கள். வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசுவதும் விரலில் குத்தி ரத்தம் எடுப்பதும்தான் அவள் வேலை. யாரிடமும் தனக்கும் இருக்கிறது என்று சொன்னதில்லை. சொல்லாமலே அவர்கள் அவளிடம் அழுதார்கள்.

சில வருஷம் முன் அந்த அணுக்களைப் பார்க்கிற பட்டை வந்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு. மெஷின் வேண்டாம், கரண்டு வேண்டாம், பஸ் வேண்டாம். விரல்நுனி ரத்தத்தை அதில் விட்டு, மேலே மருந்துத் தண்ணீரைச் சொட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் கோடு தெரியும். பக்கத்தில் அளவுக்கு என்று ஒரு கோடும் வரும். ரத்தத்தின் கோடு அதைவிட அழுத்தமாக இருந்தால் அணுக்கள் இருநூறுக்கு மேல். வெளுத்திருந்தால் இருநூறுக்குக் கீழ். வெளுத்திருந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மற்ற நோய் தொற்றாமல் இருக்கக் காப்பு மாத்திரை தர வேண்டும். இப்போது நோய் தெரிந்த உடனே எல்லோருக்கும் மருந்து உண்டு. ஆனாலும் யார் சாவின் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிய அந்தக் கோடு வேண்டியிருக்கிறது.

"ஒடம்புல வாட்ச்மேன் கீறானா இல்லியானு பாக்கறோம்" என்றுதான் அக்கா எல்லோருக்கும் விளக்குவாள். "வாட்ச்மேன் இல்லன்னா எந்தத் திருடன் வேணா உள்ள வருவான் இல்ல? அவ்ளோதான்."

வாட்ச்மேன் பெண்டாட்டி சொல்கிற உதாரணம். புரியாதவர்கள் கிடையாது.

பட்டைகள் கொஞ்சமாகத்தான் வரும். அதனால் புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கும், மாத்திரையை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கும் மட்டும் என்று கிளினிக்கில் வழக்கம். ஹரோல்ட் அண்ணன் இரண்டிலும் சேராதவர். அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர். அக்காவே தினமும் அதைக் காகிதத்தில் மடித்து டிபன் டப்பாவின் மேல்தட்டில் வைத்து அனுப்புகிறாள். சாப்பிட்ட பிறகு முழுங்க வேண்டும் என்று முதல் நாள் யாரோ சொன்னதை அண்ணன் பிடித்துக்கொண்டார். இராத்திரிச் சாப்பாடு ரயிலில்தானே. மருந்து வாங்குகிற இடத்துக்கும் அக்காவே போய் இருவருக்கும் சேர்த்து வாங்கி வருவாள். அவருக்கு டூட்டி, பகலில் தூங்கட்டும் என்று.

அண்ணனுக்கு இருமல் கூடியது. சுவர் வழியாக எனக்குக் கேட்டது. தோள் எலும்பு சட்டைக்குள் தூக்கிக்கொண்டு நின்றது.

"அண்ணன் ரொம்ப எளச்சிட்டாருக்கா" என்றேன் ஒரு நாள்.

"தூசி லதா. வயசு ஆவுது இல்ல, இனிமே தூசி வேலையக் காட்டும். எங்கப்பாவும் இப்பிடித்தான்."

எங்கப்பாவும் அப்படித்தான். நானும் தலையை ஆட்டினேன். காத்தவராயன் அண்ணன் வீட்டுக்கு வந்து தூசிக்குத் திப்பிலிக் கஷாயம் சொன்னார். அக்கா பஜாரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள், பீரோவிலிருந்த பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துக்கொண்டு. புதுப் படத்தில் வெள்ளையாக இருந்தது. பழைய படத்திலும் வெள்ளையாக இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் தூசிதான் என்றார். அவருக்கு மற்றது தெரியாது, அக்கா சொல்லவில்லை. ஊர் டாக்டரிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தாள். ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவள் தன் வீட்டு இருமலை மட்டும் ஊர் பார்த்த கண்ணாலேயே பார்த்தாள். இந்த ஊரில் பிறந்தவளுக்குத்தான் இந்தத் தப்பு வரும். வெளியூர்க்காரி எவளாவது அந்த வீட்டில் இருந்திருந்தால் இது என்ன இப்படி இருமுகிறார் என்று பயந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் எழுந்து பாடும்போது ஹரோல்ட் அண்ணனால் எழ முடியவில்லை. வீட்டுக்கு வந்து, டீயில் நனைத்த பன்னை முழுங்க முடியாமல் துப்பினார். எங்கே வாயைத் திறங்க என்று அக்கா பார்த்தாள். நாக்கெல்லாம் தயிர் படிந்த மாதிரி வெள்ளை. இந்த நாக்கைக் கிளினிக்கில் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். தூசி நாக்கில் படியாது.

மறுநாள் காலை ஆட்டோவில் அழைத்து வந்து மாடிப்படியில் ஒருபக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

மாடியில் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அண்ணன் விரலைத் துடைத்துக் குத்தினாள். துளைமெஷின் பிடித்த கை, தோல் தடித்தது, இரண்டாம் தடவை குத்த வேண்டியிருந்தது. பட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா தெரியும் இதுல?" என்று கேட்டார்.

"வாட்ச்மேன் கீறானா இல்லியானு தெரியும்."

"நான்தான் கீறனே" என்று சிரிக்கப் போய் இருமினார்.

அளவுக் கோடு பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்தில் ரத்தத்தின் கோடு வரவே இல்லை. அக்கா பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"மாத்திர சாப்புடறீங்களா இல்லியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "உட்டுட்டேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வருஷம் மழைக்காலத்திலிருந்து என்றார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ரயிலில் தங்கள் டப்பாவைத் தாங்கள் மட்டும் சாப்பிடுவதில்லை. சுரங்கத்துக்குள்ளே இருந்தபோது வந்த பழக்கம். ஒரு ஷிப்ட் ஆட்கள் எல்லா டப்பாவையும் திறந்து நடுவில் வைப்பார்கள், யார் கை எதில் போனாலும் கேள்வி இல்லை. சுரங்கம் மூடியும் அது மூடவில்லை. பேப்பரை விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். அத்தனை வருஷம் அண்ணன்தான் முந்திக்கொண்டு மேல்தட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காத்தவராயன் அண்ணன் கை முந்திவிட்டது. காகித மடிப்பைப் பிரித்து, "இன்னாடா ஹரோல்டு இது?" என்றார்.

"தூசி மாத்திர" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார் ஹரோல்ட் அண்ணன்.

"தூசிக்கு மாத்திர கீதா! எனக்கும் ஒண்ணு குடுறா. படுத்தா மூச்சு நிக்குது."

எப்படிக் கொடுப்பது? இது எதற்கும் ஆகாத மாத்திரை என்று சொல்லி ஜன்னல் வழியாக வீசிவிட்டார். காத்தவராயன் அண்ணன் விடவில்லை. மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார்.

"அவன் மூச்சு வாங்கிகினு கேக்கறான். கீழ அவனும் நானும் ஒரே தண்ணிய குடிச்சவங்க. இல்லன்னு சொல்லிட்டு அவன் எதுக்க எப்பிடி முழுங்கறது, பியாட்ரிஸ்?" என்றார் ஹரோல்ட் அண்ணன். "அதான் டப்பா தொறக்கறதுக்கு முன்னாடி, பங்காரப்பேட்ட வர்றதுக்குள்ள தூக்கிப் போட்டுருவேன். கொஞ்ச நாள் ஒண்ணும் ஆவல. சரி, இனிமே வேணாம் போலனு இருந்துட்டேன். நீ மடிச்சி வெக்கறியே, அத வேணாம்னு சொல்லத்தான் மனசு வரல."

அக்கா அவரைத் திட்டவில்லையாம். எனக்கு அதுதான் ஆச்சரியம். செருப்புக்குத் திட்டுகிறவள்.

அன்றைக்கே கோலார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய் நெஞ்சைத் தாண்டிப் போயிருந்தது. அங்கே டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் பாதி வீடு எரிந்த பிறகு வந்த தண்ணீர். கொஞ்ச நாள் நினைவு வந்து போய் இருந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் வரும் அட்வெந்தின் முதல் ஞாயிறு வருவதற்குள் ஹரோல்ட் அண்ணன் போய்விட்டார்.

"ஊர்ல எத்தினி பேரு வெரலப் புடிச்சிருப்பேன் லதா" என்று பிறகு ஒரு நாள் அக்கா சொன்னாள். "ஊட்ல கீறவரு வெரல நான் கேக்கவே இல்ல பாரு." அதைச் சொல்லிவிட்டுப் போய் அன்றிரவு அவள் அழுத அழுகை சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

எங்கள் லைனில் தூசியால் போனவனை எடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பெட்டிமேல் அவனுடைய ஹெல்மெட்டை வைப்பார்கள். கல்லறைக்குப் போகும் வழியில் அவன் சுரங்கத்துக்குள் இறங்கிய ஷாப்ட்டின் கேட்டுக்கு வெளியே பெட்டியை இறக்குவார்கள். கேட் பூட்டியிருக்கும், உள்ளே ஷாப்ட்டின் இரும்புக் கோபுரம் துருப்பிடித்து நிற்கும். கூட வேலை செய்தவன் ஒருவன் தண்டவாளத் துண்டைக் கல்லால் அடிப்பான். கேஜ் கூண்டில் ஆள் ஏறிவிட்டான், மேலே தூக்கு என்பதற்குக் கீழேயிருந்து அடிக்கிற மணி அது. பிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். எங்கப்பாவுக்கும் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அழாதவர்களை நான் பார்த்ததில்லை.

ஹரோல்ட் அண்ணனுக்கும் ஹெல்மெட் வைத்தார்கள். காத்தவராயன் அண்ணன் கல்லைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணா" என்றாள் அக்கா.

பாடகர் குழுவில் எல்லோரையும் அமுக்குகிற குரல் அன்று அவ்வளவாக எழும்பவில்லை. எல்லோரும் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது.

"ஹெல்மெட் இருக்கட்டும், அது அவரு சம்பாதிச்சது. தூசியும் அவரு நெஞ்சுல இருந்துச்சி. ஆனா அவரக் கொன்னது தூசி இல்ல. அவருக்கு எச்.ஐ.வி. இருந்துச்சி. எனக்கும் கீது. நான் மாத்திர சாப்புட்டுகினு இத்தினி வருசமா உங்க கூட பாடிகினு, சண்ட போட்டுகினு கீறேன். அவரு உட்டுட்டாரு, டி.பி. வந்துருச்சி. தூசி தூசின்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க, நானும் சொன்னேன். இருமறவங்க எல்லாம் கிளினிக்குக்கு வாங்க. கொஞ்சம் சளி, ஒரு சொட்டு ரத்தம். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

பாஸ்டர் வேதப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி தூக்கி வந்தவர்களில் ஒருவன் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்தான். அவனை நான் மறக்க மாட்டேன், பெயர் மட்டும் இங்கே எழுதவில்லை. காத்தவராயன் அண்ணன் கல்லோடு அப்படியே நின்றார். அடிக்க மாட்டாரோ என்று நினைத்தேன். பிறகு அடித்தார். பெட்டியைத் தூக்கினார்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அக்கா குல்குல் செய்தாள். துக்க வீட்டில் செய்யக் கூடாது என்று சொன்னேன், அவருக்குப் பிடிக்கும் என்றாள். லைனில் எல்லா வீட்டுக்கும் தட்டு போனது. பாதித் தட்டுகள் மூடிய துணி மூடியபடியே திரும்பி வந்தன. சுகர் இருக்கிறது, பல் வலி, பிள்ளைகளுக்கு இருமல் என்று ஆளுக்கு ஒரு காரணம். நான் என் வீட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்றும் கேட்டேன். பல் வலித்தது, தின்றேன்.

கிளினிக்குக்கும் யாரும் வரவில்லை. ஜனவரி போய், குளிர் விட்டபிறகு ஒரு நாள் மத்தியானம் ஜெராக்ஸ் தாள்களைக் கொடுக்க நான் மாடிக்குப் போயிருந்தேன். காத்தவராயன் அண்ணன் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கிளம்பப் பார்த்தேன். "நீ இரும்மா, உனக்குத் தெரியாதது இல்ல" என்றார்.

"மொதல்ல அந்த நோய் கீதா இல்லியானு பாப்பேண்ணா" என்றாள் அக்கா, பஞ்சை எடுத்துக்கொண்டு. "அது இல்லன்னா கோடு பாக்கவே வேணாம். சளி மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"பாரும்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ரயில்ல அவன் டப்பாவுல ஒரு மாத்திர இருக்கும். தூசி மாத்திரன்னான். நான் டெய்லி எனக்கும் குடுன்னு நச்சரிச்சேன். கஞ்சப் பயலேனு எல்லார் எதுக்கவும் கேலி பண்ணேன். அப்புறம் டப்பாவுல அது இல்ல. அன்னிக்கி ஷாப்ட்டாண்ட நீ சொன்னியே, மாத்திரய உட்டுட்டார்னு. அது இந்த மாத்திரதானா தங்கச்சி? நான் கேட்டதாலதான் உட்டானா?"

அக்கா பஞ்சில் மருந்தை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்கண்ணா. அது சத்து மாத்திர. நோய் மாத்திரய அவரு அதுக்கு முன்னாடியே உட்டுட்டாரு."

"சத்தியமா சொல்லு."

பியாட்ரிஸ் அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"சத்தியமாண்ணா" என்றாள். "வெரலக் குடுங்க."